ஏழாம் குழாயின் மேல்முனை

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

சின்னு எழுதுகிறேன். இங்கே நான் சுகம். ஒரு மாதமாக விடாமல் பிடித்திருந்த இருமலும் போய்விட்டது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அத்தான் ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் உள்ள லிப்டையெல்லாம் தேடிப் போய்ப் பழுதுபார்க்கிறாரா? போனில் கேட்டிருப்பேன். கப்பல் இயந்திரத்துக்குப் பறிகொடுத்த உன் காதுக்குப் போன் ஒத்துவராதே, அதனால் பழையபடி கடிதம்தான்.

ஒரு சேதி சொல்கிறேன், உட்கார்ந்துகொண்டு படி. உன் மண் என் மேஜைக்கு வந்திருக்கிறது! இருபத்திரண்டு வருடத்துக்கு முன் துருவக் கடலின் அடியிலிருந்து நீங்கள் எடுத்து வந்தீர்களே, அதே மண். பதினான்கு குழாய்களில் ஏழாவதை மட்டும் கிடங்கிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள். பெட்டியைப் பிரித்ததும் குழாயின் பக்கவாட்டில் உன் கையெழுத்து. ஐந்து நிமிடம் வேலையே ஓடவில்லை எனக்கு.

நீ பள்ளிக்கூடங்களில் பேசும்போது சொல்வாயே, "பனிக்கு அடியில மட்டும் வாழற பாசி ஒண்ணு இருக்கு பிள்ளைங்களா, அது செத்தா அதோட ஓடு மண்ணுல போய் விழும். அந்த ஓட்டை எண்ணினா அந்தக் காலத்துல பனி எவ்வளவு இருந்துச்சுன்னு தெரிஞ்சுடும்" என்று. அந்த ஓட்டைத்தான் விரல் அகலத்துக்கு ஒரு துண்டாக வெட்டி எண்ணிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பயணத்தை நடத்திய நம் பெரியவர் பேர் வாங்கியதே இந்த ஏழாம் குழாயால்தான். எட்டாயிரம் வருடத்துக்கு முன் அந்தக் கடலின் பனி நானூறு வருடமாக மெல்ல மெல்லக் குறைந்தது, பிறகு ஐம்பதே வருடத்தில் திரும்பி வந்துவிட்டது என்று கணக்குப் போட்டார். இன்றைக்கும் பனியைப் பற்றி யார் பேசினாலும், போனாலும் சீக்கிரம் வந்துவிடும் என்று அவர் கணக்கைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். அவர் இடைவெளி விட்டு எண்ணிய இடங்களை நெருக்கமாக எண்ணி நிரப்புவதுதான் என் வேலை.

நேற்று ஒரு சின்ன விஷயம் கண்ணை உறுத்தியது. குழாயின் நடுவில் பட்டாணி அளவுக்கு ஒரு கல். மேலே மிதந்துபோன பனிப்பாறை எதுவோ உதிர்த்தது. விழுந்த கல் தனக்குக் கீழே இருக்கும் மண்ணைத்தானே அமுக்கும்? இதில் கல்லுக்கு மேலே குழிந்திருக்கிறது. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. கப்பலில் குழாயின் மேல்முனைக்கு நீல மூடியும் கீழ்முனைக்கு வெள்ளை மூடியும் போடுவது வழக்கம். அந்தப் பயணத்திலும் அப்படித்தானே? ஒரு வரி எழுது, போதும்.

படி ஏறாதே. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

பிரியமுள்ள,
சின்னு


ஜனவரி 25

செல்லத் தங்கைக்கு,

உன் கடிதம் கண்டு சந்தோஷம். எங்கள் இருவர் உடம்புக்கும் வயசுக்குத் தகுந்த குறைதான், புதிதாக ஒன்றும் இல்லை. உன் இருமல் போனது என்று நம்ப மாட்டேன். கழுத்தில் துணி சுற்றாமல் குளிர் அறைக்குள் போவாய், எனக்குத் தெரியாதா?

அத்தான் கதையைக் கேள். மூன்றாவது தெரு ஆஸ்பத்திரி லிப்டைச் சரிசெய்கிறேன் என்று போனவர் அதற்குள்ளேயே இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டார். வெளியே வந்து, "சோதனை பண்ணிட்டிருந்தேன்" என்கிறார். நர்சுகள் சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லையாம்.

போன வாரம் ஒரு பெண்கள் பள்ளியில் பேசினேன். நம் நிறுவனத்து நடைக்கூடத்தில் "கப்பலேறிய முதல் பெண்" என்று என் படம் மாட்டியிருக்கிறார்களே, அதைப் பெரிதாக்கி மேடையில் வைத்திருந்தார்கள். ஒரு வாண்டு எழுந்து, "ஆன்ட்டி, கப்பல்ல வாந்தி எடுத்தீங்களா?" என்றது. "முதல் பதினெட்டு நாள் எடுத்தேன், அப்புறம் எடுக்க ஒண்ணும் மிச்சமில்ல" என்றேன். கைதட்டல் நிற்கவே இல்லை.

நீலம் மேலே, வெள்ளை கீழே. இது உனக்குத் தெரியாததா? கல் எப்படி வேண்டுமானாலும் கிடக்கும். புழு குடைந்திருக்கும், மண் சரிந்திருக்கும். அதை நோண்டிக்கொண்டிருக்காமல் பாசியை எண்ணு.

நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
அக்கா


பிப்ரவரி 7

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலம் என்று அறிந்து ஆறுதல். நான் நலம் என்று எழுத வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். உண்மையில் பத்து நாளாக நேரத்துக்குச் சாப்பாடு இல்லை.

கல்லை விட்டுவிட்டேன். ஆனால் மணல் என்னை விடவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரில் மண்ணைக் கலக்கி வைத்தால் பருமணல் முதலில் அடியில் போய் உட்காரும், பொடி அதற்கு மேலே படியும். கடலடியிலும் அதுதான் நடக்கும். ஏழாம் குழாயில் மூன்று இடத்தில் மணல் படிந்திருக்கிறது. மூன்றிலும் பொடி கீழே இருக்கிறது, பரு மேலே இருக்கிறது. குழாய் தலைகீழாக இருக்கிறது, அக்கா. எத்தனை தடவை பார்த்தாலும் அதுதான்.

மறைக்க முடியாது, மேலிடத்தில் சொல்லிவிட்டேன். மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு போட்டார்கள். பிறகுதான் வினை. கப்பல் பதிவேட்டில் "எல்லாம் ஒழுங்கு" என்று எழுதியிருக்கிறதாம். அதனால் என் ஆய்வகத்தில்தான் தட்டில் வைக்கும்போது திருப்பி வைத்துவிட்டோம் என்கிறார்கள். நீளவாக்கில் பிளந்து சாட்சிக்கென்று கிடங்கில் வைத்திருந்த இதன் மறுபாதியும், எட்டு வருடத்துக்கு முன் குளிர் அறை நின்றுபோனபோது காய்ந்து பொடியாகிவிட்டது. குழுத் தலைவி வெடுக்கென்று பேசுகிறவர். "ஒண்ணு பெரியவர் ஆளுங்க தப்பு பண்ணியிருக்கணும், இல்ல நீங்க பண்ணியிருக்கணும். அவர் போன வருஷம் போய்ச் சேந்துட்டார். நீங்கதான் கைக்கு எட்டற தூரத்துல இருக்கீங்க" என்றார்.

ஏப்ரல் இருபதாம் தேதி முடிவு சொல்வார்கள். தப்பு எங்களுடையது என்று ஆனால் ஆய்வகத்தை மூடிவிடுவார்கள். பத்தொன்பது வருடம் கட்டியது, அக்கா. மண்ணைத் தொடவே விட மாட்டார்கள் இனி.

பதிவேட்டின் நகலைப் பார்த்தேன். பயணத்தின் பத்தொன்பதாம் நாள் எடுத்த மண். அன்றைக்குக் குழாய்களுக்கு மூடி போட்டவள் நீ. "எல்லாம் ஒழுங்கு" என்பதும் உன் கையெழுத்து. யோசித்துப் பார். அன்றைக்கு ஏதாவது நடந்ததா? குழாய் எதுவும் விழுந்ததா? மூடி கழன்றதா? சின்னதாக ஏதாவது நினைவு வந்தாலும் உடனே எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
சின்னு


மார்ச் 3

அன்புள்ள சின்னுவுக்கு,

அத்தான் எழுதுவது. நாங்கள் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை.

உன் பிப்ரவரிக் கடிதமும், அதற்குப் பிறகு "ஏன் பதில் இல்லை?" என்று நீ எழுதிய அட்டையும் வந்து சேர்ந்தன. உன் அக்கா இரண்டையும் படித்தாள். கடிதத்தை எனக்குக் காட்டவில்லை. அன்றிலிருந்து ஆளே சரியில்லை. குழம்பில் இரண்டு தரம் உப்புப் போடுகிறாள். அடுத்தடுத்து இரண்டு பள்ளிக்கூடங்களுக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டாள். கூப்பிட்டால் அவள் போகாத பள்ளிக்கூடம் உண்டா?

போன செவ்வாய்க்கிழமை பூந்தொட்டி மண்ணை ஒரு டம்ளரில் போட்டுத் தண்ணீர் விட்டுக் கலக்கி, மேஜைமேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி நேரம்!

"என்னடி பண்றே?" என்றேன்.

"மணல் அடியில உக்காருதான்னு பாக்கறேன்."

"உக்காந்துச்சா?"

"உக்காந்துடுச்சு" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள் சின்னு. கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் அவள் அழுது நான் பார்த்தது மூன்று தரமோ நாலு தரமோதான்.

எனக்கு மேல் கீழ் என்றால் லிப்ட் பட்டன்தான் தெரியும். உங்கள் மண் சமாசாரம் தலையும் புரியாது காலும் புரியாது. அப்படி என்னதான் எழுதினாய் அவளுக்கு? திட்டியிருந்தால் ஒரு வார்த்தை சமாதானமாக எழுதிவிடு. நான் எழுதியதாக மட்டும் காட்டிக்கொடுத்துவிடாதே, என் தலை உருளும்.

உன் நலம் விரும்பும்,
அத்தான்


மார்ச் 6

சின்னுவுக்கு,

நலம். உன் கடிதமும் அட்டையும் கிடைத்தன. கொஞ்சம் வேலையாக இருந்தேன்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று பதிவேட்டில் இருக்கிறது. நீயே படித்துவிட்டாய். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்ததை இப்போது உட்கார வைத்துக் கேட்டால் யாருக்கு நினைவிருக்கும்? பெரியவர் இருந்தால் அவரைக் கேட்கலாம். அவரும் இல்லை.

உன் ஆய்வகத்தில் வேலை செய்பவர்கள் எல்லோரும் கவனமானவர்கள்தானா? ஒரு தரம் விசாரித்துப் பார்.

இங்கே வெயில் ஏறிவிட்டது. நீ அனுப்பிய கம்பளிச் சட்டையை மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பும் அத்தான் உடம்பும் எப்படி? பூந்தொட்டிகள் எப்படி இருக்கின்றன?

உன் கடிதத்தை நாலைந்து தரம் படித்தேன். என் ஆட்களை விசாரிக்கச் சொல்லியிருந்தாய். விசாரித்தேன். வாட்டசாட்டமாக ஓர் ஆள், எட்டு வருடமாக என்னோடு மண் வெட்டுகிறார். கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது. "நீங்களே கேக்கறீங்களாம்மா?" என்றார். அன்றைக்கு என் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

இனி உன்னைக் கேட்க மாட்டேன். நடக்கவில்லை என்று நீ எழுதவில்லை, பதிவேட்டில் இருக்கிறது என்றுதான் எழுதியிருக்கிறாய். உன்னிடம்தானே வளர்ந்தேன் நான், அந்த வித்தியாசம்கூடவா எனக்குத் தெரியாது? தெரிந்ததை வைத்துக்கொண்டு உன்னைக் கூண்டில் ஏற்ற எனக்கு மனசு வராது. நடைக்கூடத்தில் இருக்கும் உன் படத்துக்குக் கீழே இப்போதும் பிள்ளைகள் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்களாம்.

குழுவில் ஒரு வழி சொல்கிறார்கள். தப்பு எங்கள் ஆய்வகத்தில்தான் நடந்தது என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டால் விசாரணை அதோடு முடியும். ஆய்வகம் போய்விடும். எனக்கு வகுப்பெடுக்கும் வேலை மிஞ்சும். ஏப்ரல் ஏழாம் தேதி கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் குத்துகிறது. இரண்டு மாதத்துக்கு மேலாகக் கடிதம் போய் வருகிறது. குழாயைத் திருப்பி வைத்தால் அந்த மண் என்ன சொல்கிறது என்று நீ ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. கப்பலிலிருந்து இறங்கிய அன்றைக்கு நீ கேட்ட முதல் கேள்வி அதுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சின்னு


ஏப்ரல் 1

என் சின்னுவுக்கு,

கையெழுத்துப் போடாதே. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அத்தான் நேற்றிலிருந்து ஆறு தரம் போன் போட்டுவிட்டார். நீ எடுக்கவில்லை. விரைவுத் தபாலில் போட்டால் ஆறு நாளில் சேரும் என்று தபால் நிலையத்துப் பெண் சொல்கிறாள். ஆறு நாள் என்றால் ஏழாம் தேதி. நீ காலையிலேயே போய்விட்டால் என்ன செய்வேன்? கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பூந்தொட்டியை விசாரித்தாயே, உன் அத்தானின் ஓட்டை வாய் எனக்குத் தெரியும். அது போகட்டும்.

கப்பல் கிளம்பிய அன்று கேப்டன் எல்லோரையும் வைத்துக்கொண்டு சொன்னார்: "பொம்பளைப் பிள்ளையை முதல் தடவை ஏத்திருக்கோம். ஒரு குழாய் உருண்டாலும் இதுதான் கடைசித் தடவை." பெரியவர் சிரித்தார். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பத்தொன்பதாம் நாள் கடல் கொந்தளித்தது. மற்றவர்கள் எல்லோரும் தளத்தில் கயிறு சுற்றும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். நீளக் குழாயிலிருந்து வெட்டிய துண்டுக் குழாய்களுக்கு மூடி போட்டுத் தாங்கியில் அடுக்கும் வேலை எனக்கு, கீழ்த்தளத்தில். விரல் மரத்துப்போய்விட்டது. தாங்கியின் வாரை இழுத்துக் கட்டாமல், இரண்டு நிமிடம் கையைத் தேய்த்துச் சூடு பண்ணிக்கொள்ளலாம் என்று அப்பால் திரும்பினேன். கப்பல் ஒரு சாய் சாய்ந்தது. மூன்று குழாய்கள் தரையில் உருண்டன. ஏழு, எட்டு, பதினொன்று. ஆறு மூடியும் தெறித்து மூலைக்கொன்றாகப் போயின. எண் குழாயின் பக்கத்தில் எழுதியிருந்தது. எது மேல்முனை, எது கீழ்முனை என்பது மூடியின் நிறத்தில் மட்டும்தான் இருந்தது.

மேல்முனை மண் கொஞ்சம் இளகலாக இருக்கும். விரலால் அழுத்திப் பார்த்தேன். எட்டில் தெளிவாகத் தெரிந்தது. மற்ற இரண்டிலும் இரண்டு முனையும் ஒன்றுபோல்தான் இருந்தன. விரலும் மரத்திருந்தது. படியில் காலடிச் சத்தம் கேட்டது. குத்துமதிப்பாக மூடி போட்டேன். "எல்லாம் ஒழுங்கா?" என்றார் பெரியவர். "எல்லாம் ஒழுங்கு" என்றேன். அதையே எழுதினேன்.

அடுத்த வருடப் பயணத்துப் பட்டியலில் கடைசியில் பென்சிலில் உன் பெயர் இருந்தது. நான் வாயைத் திறந்திருந்தால் அதை அழிக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? உனக்காகத்தான் செய்தேன் என்று பழியை உன் தலையில் கட்டவில்லை. முதலில் பயந்தது எனக்காகத்தான். உன் பெயர் பிறகுதான் நினைவுக்கு வந்தது. அதன்பின் அதையே ஒரு நியாயமாகப் பிடித்துக்கொண்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடுத்த பயணத்திலிருந்து குழாயின் மேலேயே அம்புக்குறி போட வேண்டும் என்று விதி கொண்டுவந்தவள் நான். "என்ன முன்யோசனை!" என்று பெரியவர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். அன்றைக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் இருக்கும்வரை பத்துத் தரமாவது சொல்லிவிட எழுந்து, பேச்சை மாற்றிக்கொண்டு திரும்பியிருக்கிறேன்.

இதையெல்லாம் குழுத் தலைவிக்கும் இன்றைக்கே எழுதிப் போட்டுவிட்டேன். எட்டையும் பதினொன்றையும் திறந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். எட்டு சரியாக இருக்கும். பதினொன்றைப் பற்றி என்னால் சொல்ல முடியாது. உன் ஆய்வகம் அவற்றைத் தொட்டதே இல்லை அல்லவா?

உன் ஆட்களைச் சந்தேகப்படச் சொன்னேனே, அதற்கு என்னை மன்னித்துவிடு. அந்த வாட்டசாட்டமான ஆளிடமும் சொல்.

கையெழுத்துப் போடாதே சின்னு.

அக்கா


ஏப்ரல் 23

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். இந்தத் தடவை நிஜமாகவே. நீ எப்படி இருக்கிறாய்? சாப்பிடுகிறாயா?

உன் கடிதம் ஒன்பதாம் தேதிதான் வந்தது. நான் ஏழாம் தேதியே கையெழுத்துப் போட்டுவிட்டேன். அத்தான் எண்ணைப் பார்த்துத்தான் போனை எடுக்காமல் விட்டேன். அவர் குரலைக் கேட்டால் மனசு மாறிவிடும் என்று பயம். படித்ததும் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. எட்டு வருடம் உழைத்த மனிதரைச் சந்தேகப்பட வைத்தாயே என்று கடிதத்தைத் தூக்கி எறிந்தேன். பிறகு பொறுக்கியெடுத்து, பென்சிலில் இருந்த என் பெயர் வரும் வரியை மறுபடி மறுபடி படித்து அழுதேன். அதற்குமேல் எழுதத் தெரியவில்லை.

பன்னிரண்டாம் தேதி குழு அழைத்தது. தலைவியின் மேஜையில் இரண்டு தாள். "ஒரே குழாய்க்கு ரெண்டு குற்றவாளி. ரெண்டு பேரும் நான்தான் நான்தான்னு நிக்கறீங்க. இப்படி ஒரு விசாரணையை நான் பாத்ததே இல்ல" என்றார். கிடங்கிலிருந்து எட்டும் பதினொன்றும் வந்தன. முத்திரை அப்படியே இருந்தது. எங்கள் கண் முன்னால் அவர்கள் ஆட்களே திறந்தார்கள். எட்டு நீ சொன்னதுபோலச் சரியாக இருந்தது. பதினொன்றில் நாலு மணல் படிவு. நாலிலும் பொடி கீழே, பரு மேலே.

தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "பதினொண்ணைப் பத்தி அந்தம்மாவைத் தவிர யாருக்கும் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல" என்றார்.

ஆய்வகம் பிழைத்தது. பொய்யாகக் கையெழுத்துப் போட்டதற்கு எனக்கு எழுத்தில் ஒரு கண்டனம் உண்டு. "பாசத்தை வீட்டுல வெச்சுட்டு வாங்கம்மா" என்று வாயாலும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நியாயம்தான். உன் பெயர் திருத்த அறிக்கையில் வரும். அதைத் தவிர்க்க முடியவில்லை.

எண்ணும் வேலை நிறைய இருக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

சின்னு


மே 5

அருமைத் தங்கைக்கு,

நலம். மூன்று மாதத்துக்குப் பிறகு குழம்பில் உப்புச் சரியாக இருக்கிறது என்று உன் அத்தான் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்.

கண்டனம் வாங்கினாயாமே! நல்லது, இன்னும் இரண்டு கொடுத்திருக்க வேண்டும். என்னைக் காப்பாற்ற மண்ணை வைத்துப் பொய் சொல்ல யாரடி உனக்குச் சொல்லிக்கொடுத்தது? யார் என்று யோசித்தால் பதில் எனக்கே தெரிகிறது. அதனால் திட்டை இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

என் படத்தைக் கழற்றிவிடுங்கள் என்று நிறுவனத்துக்கு நேரில் போய்ச் சொன்னேன். அலுவலகத்தில் இருந்தவர், "மாட்டறதுக்குத்தாம்மா படிவம் இருக்கு, கழட்டறதுக்கு இல்ல" என்றார். தொங்கட்டும். நேற்றுப் பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். வார் கட்டாமல் விட்டதிலிருந்து ஒன்று விடாமல். கைதட்டல் குறைவுதான். ஆனால் கேள்விகள் நிறைய வந்தன.

அதில் ஒரு பெண் கேட்டாள்: "அப்ப இருபத்திரண்டு வருஷமா எல்லாரும் தப்பாத்தான் படிச்சாங்களா ஆன்ட்டி? சரியாப் படிச்சா என்ன வருது?" எனக்குப் பதில் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. இத்தனை வருடமும் மூடியை நினைத்தே பயந்தேன், உள்ளே இருந்த மண்ணை நினைக்கவே இல்லை. உன் கடைசிக் கடிதத்திலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இப்போது கேட்கிறேன். என்ன சொல்கிறது அது?

அன்புடன்,
அக்கா


மே 18

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கும் அப்படியே இருக்கட்டும்.

போன கடிதத்தில் வேண்டுமென்றேதான் எழுதாமல் விட்டேன். நீயாகக் கேட்டுவிட்டாய், சொல்கிறேன்.

குழாயைத் திருப்பி வைத்து மூன்று தரம் எண்ணிவிட்டோம். பெரியவர் நானூறு வருடத்தில் பனி மெல்லக் குறைந்தது என்றாரே, அது குறைந்த கதை இல்லை, பனி திரும்பி வந்த கதை. திரும்பி வர நானூறு வருடம் ஆகியிருக்கிறது. ஐம்பது வருடத்தில் திரும்பியது என்றாரே, அது திரும்பியது இல்லை, போனது. அந்தக் கடலின் பனி முழுவதும் ஐம்பது வருடத்தில் போயிருக்கிறது. அதில் முதல் முப்பத்தைந்து வருடம் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ஓடு கொஞ்சம் குறைகிறது, கொஞ்சம் கூடுகிறது. அந்தக் காலத்தில் யாராவது அங்கே நின்று பார்த்திருந்தால் எல்லாம் ஒழுங்கு என்றுதான் எழுதி வைத்திருப்பார்கள். கடைசிப் பதினைந்து வருடத்தில் மொத்தமும் போய்விட்டது.

பெரியவர் கணக்கை நம்பி எழுதப்பட்ட கட்டுரைகளைப் பட்டியல் எடுத்தேன். அறுநூற்றுப் பதினொன்று. "சீக்கிரம் திரும்பிவிடும்" என்று எல்லோரும் நிம்மதியாக எழுதியிருக்கிறார்கள். அந்த நிம்மதியை வைத்து எங்கெங்கே என்னென்ன முடிவெடுத்தார்களோ தெரியாது. உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. இரண்டு நிமிடம் கையைத் தேய்த்ததற்கு இவ்வளவு பெரிய தண்டனை உனக்கு வேண்டாம். ஆனால் பாதியை மறைத்து எழுதவும் என்னால் முடியாது.

ஜூன் ஆரம்பத்தில் அறிக்கை வெளியாகிறது. அதுவரை அந்தப் பெண்ணிடமும் சொல்லாதே.

சின்னு


ஜூன் 27

என் சின்னுவுக்கு,

நீ நலமா? அதையாவது யாராவது எழுதினால் தேவலை.

உன் கடிதம் வந்த மறுநாளே, மே 27 அன்று, ஒரு கடிதம் போட்டேன். பதில் இல்லை. அது வழியில் தொலைந்திருக்கலாம் என்று இரண்டு வாரத்துக்கு முன் இன்னொன்றும் போட்டேன். அறிக்கை வெளியாகிவிட்டது என்று செய்தித்தாளில் பார்த்தேன். என் பெயரும் இருந்தது. அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் துக்கம் விசாரிப்பதுபோல் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். அதெல்லாம் எனக்கு வலிக்கவில்லை. அறிக்கையை அத்தானை விட்டு வாங்கி வரச்சொல்லி, கடைசிப் பக்கம்வரை படித்தேன். நான் கேட்டதற்கு அதிலும் பதில் இல்லை.

கடிதம் தொலைந்திருந்தால் தெரியாமல் போகக் கூடாதே என்று மறுபடி கேட்கிறேன். முதல் முப்பத்தைந்து வருடம் ஒன்றும் தெரியவில்லை, கடைசிப் பதினைந்தில் மொத்தமும் போயிற்று என்று எழுதினாய். இன்றைக்கு அங்கே இருக்கும் பனியின் கணக்கும் உன் கைக்கு வருகிறது. பழைய கணக்கையும் இன்றைய கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் நீ இருந்திருக்க மாட்டாய். அந்த ஐம்பதில் நாம் இப்போது எத்தனையாவது வருடத்தில் இருக்கிறோம்?

தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று எழுது, நம்புகிறேன். ஆனால் தெரிந்துகொண்டு, அக்கா பயப்படுவாள் என்று மென்று விழுங்கிக்கொண்டிருக்கிறாய் என்றால், வேண்டாம் சின்னு. அந்தக் காரியத்தை இருபத்திரண்டு வருடம் செய்து பார்த்தவள் நான். பயம் அதனால் ஒரு பிடிகூடக் குறையவில்லை.

இன்றைக்கும் தபால்காரர் வந்தார். கீழ்வீட்டுக்கு மட்டும் ஏதோ கொடுத்துவிட்டுப் போனார்.

அக்கா